ஐம்பத்தாறு முதல் அறுபத்தொன்று வரை

மூன்று வயதுக் குழந்தையின் கையில் நரம்பைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தாய் ஒரு பக்கம் அழுத்திப் பிடிப்பாள். குழந்தை வீட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தும். வாசலில் நிற்கும் நாலு பெண்கள் "பச்சப் புள்ள ரத்தத்த உறிஞ்சறான் பாரு" என்று என் காதில் விழவேண்டும் என்றே சொல்வார்கள். இதற்கு நடுவில் நான் ஊசியைக் குத்தி, அரை அவுன்சு கூட இல்லாத ரத்தத்தை எடுக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது குழந்தைகள். முகத்தை யார் பார்த்தார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கைகள்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம் தை மாதம். டாக்டர் சிவப்பிரகாசம் மெட்ராஸில் ஒரு கல்லூரியில் குழந்தை மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர். ஆர்.கே.பேட்டை நெசவாளர் தெருக்களில் பல குழந்தைகளுக்குக் கால் வளைந்திருக்கிறது, இரண்டு வயசாகியும் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டு, ஆராய்ச்சி செய்ய வந்தவர். வெயில் தோலில் பட்டால் உடம்பில் தானாக உண்டாகிற விட்டமின் டி இந்தக் குழந்தைகளுக்கு இல்லை என்பது அவர் கணிப்பு. ரத்தத்தில் அதை அளந்து பார்த்து நிரூபிக்க வேண்டும். அளக்கத் தெரிந்த லேப், எங்களுக்குத் தெரிந்து, மெட்ராஸில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே ரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கிற டெக்னீஷியன் நான். ஆதிகேசவன். ஆறு மாதத் தற்காலிக வேலை.

முதலில் நான் சிரித்தேன். பங்குனி பிறக்கும் முன்பே தார் உருகுகிற ஊரில் வெயில் பற்றாக்குறையா? தறிக் குழி இருக்கிற அறைக்குள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெயில் பட்டால் தறியில் கட்டிய பாவு நூல் காய்ந்து அறும் என்று ஜன்னலை எல்லாம் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மா குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருப்பாள். பக்கத்தில் குழந்தையின் இடுப்பில் துணியைக் கட்டி அதன் மறுமுனையைத் தறிக் காலில் கட்டியிருப்பாள். தெருவுக்கு ஓடினால் மாட்டு வண்டி, பஸ், நாய் என்று பயம். அந்தப் பயத்தில் தப்பே சொல்ல முடியாது. மூன்று வயது வரை அந்தக் குழந்தைகள் பார்த்த வெயில் ஓட்டுச் சந்து வழியாக விழுந்தது மட்டும்தான்.

திருத்தணியில் மலையடிவாரத்தில் எனக்கு ஒரு ரூம். காலையில் சோடா கம்பெனியில் ஐஸ் வாங்கி, மரத்தூளும் சாக்குமாகச் சுற்றி, தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை போவேன். ரத்தம் எடுத்து, கையால் சுற்றுகிற மெஷினில் வைத்துத் தோள்பட்டை கழலச் சுற்றினால், மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளியும். சீரம் என்று பெயர். அதைக் குட்டிக் குப்பிகளில் ஊற்றி, நம்பர் எழுதிய லேபிள் ஒட்டி, ஐஸில் வைத்து, மறுபடி பஸ்ஸில் திருத்தணி ஸ்டேஷன். அங்கிருந்து பாசஞ்சரில் மெட்ராஸ். சேர்த்துவிட்டுத் திரும்ப வந்து படுத்தால் மலைமேல் மணி அடிப்பது கூடக் கேட்காது.

நாலாவது நாள்தான் அது நடந்தது. லேபிள் மேல் ஒட்டுகிற பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது. வெறும் கோந்து தடவி ஒட்டினேன். ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தால், உருகின தண்ணீரில் ஆறு லேபிள்கள் மிதந்தன. ஆறு குப்பிகள் அடியில் அம்மணமாகக் கிடந்தன. லேபிள்களில் மை கலையவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. அன்றைக்குக் கடைசியாக எடுத்த ஆறு குழந்தைகள்.

எந்தக் குப்பி எந்தக் குழந்தையுடையது? எனக்குத் தெரியாது. அந்த ஆறு பேரில் யாரோ ஒருவருடையது, அவ்வளவுதான் தெரியும். பாசஞ்சர் வருவதற்கு மணி அடித்துவிட்டார்கள். ஆறையும் கொட்டிவிட்டு மறுநாள் போய் அந்த ஆறு குழந்தைகளையும் மறுபடி குத்தியிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் குப்பிகள் கிடந்த வரிசையைப் பார்த்து, இப்படித்தான் வைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, லேபிள்களைத் துடைத்து ஒட்டினேன். பயந்து செய்தேன் என்றால் கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் இல்லை. அசதி. இன்னொரு தடவை அந்தத் தெருவில் போய் நின்று அந்த வசவைக் கேட்கத் தெம்பு இல்லை.

ரிசல்ட் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. பத்துக்கு மேல் இருந்தால் குறைவில்லை, பத்துக்குக் கீழே இருந்தால் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் கோடு போட்டு வைத்திருந்தார். வீரியமான ஊசி அது. தேவைப்படாத குழந்தைக்குப் போட்டால் கெடுதல். வீட்டுக்கு வீடு நான்தான் போஸ்ட் கார்டு எழுதினேன். நல்ல நம்பர் வந்தவர்களுக்கு, "குழந்தைக்குக் குறைவில்லை. கவலை வேண்டாம்." குறைந்தவர்களுக்கு, "குழந்தைக்குச் சத்துக் குறைவு. இந்தத் தேதியில் அழைத்து வரவும்." என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். டாக்டரே பாராட்டினார்.

ஊசி போடும் நாளில், ஆர்.கே.பேட்டைப் பள்ளிக்கூட வராந்தாவில் டாக்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவள் பூவம்மாள். இளையவள் அவளுடைய ஓரகத்தி வரலட்சுமி. குழந்தையின் கால் இரண்டும் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பூவம்மாள் என் முன்னால் இரண்டு கார்டுகளை நீட்டினாள்.

"சார், ஒண்ணுல குறைவுன்னு எய்திகீறீங்க. ஒண்ணுல நல்லாகீதுன்னு எய்திகீறீங்க. எதுதான் சார் நெஜம்?"

"ரெண்டு குழந்தைக்கு ரெண்டு கார்டும்மா" என்றேன்.

"புள்ள ஒண்ணுதான் சார். இதுதான்."

நான் நோட்டைப் புரட்டினேன். இருபத்தேழாம் நம்பர், தவுடு, வயது மூன்று, தாய் பூவம்மாள். ரிசல்ட் நாலு. அறுபத்தொன்றாம் நம்பர், தமயந்தி, வயது மூன்று, தாய் வரலட்சுமி. ரிசல்ட் இருபத்திரண்டு.

"யார் பெத்தது இதை?" என்று டாக்டர் கேட்டார்.

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் பூவம்மாள்தான் வாயைத் திறந்தாள். "இவளுக்கு மின்னாடி ரெண்டு பொறந்து தங்கல சார். மூணாவதா இது பொறந்ததும், நான் மொறத்துல மூணு பிடி தவுடு கொண்ணாந்து குடுத்து வாங்கிக்கினேன். அஞ்சு வயசு முடிஞ்சு மலைமேல மொட்ட போட்டுக் கூட்டியாற வரைக்கும் இது என் புள்ள. இவ வாயால தன் புள்ளன்னு சொல்லக் கூடாது. சொன்னா தங்காது."

"அதனால நீங்க உங்க குழந்தைன்னு கூட்டிட்டு வந்தீங்க. சரி. அப்புறம் ரெண்டாவது தடவை ஏன்?" என்றார் டாக்டர்.

வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "நர்ஸம்மா பொறப்பு நோட்ட எடுத்துகினு எங்கூட்டுக்கு வந்துட்டாங்க சார். தமயந்தி எங்க, தமயந்தி எங்கன்னு. எம்புள்ள இல்லன்னேன். 'நான் பிரசவம் பாத்த புள்ளய என்கிட்டயே இல்லன்றியா'ன்னு கத்தறாங்க. எம்புள்ளதான், ஆனா ஏற்கெனவே ரத்தம் எடுத்தாச்சுன்னும் என்னால சொல்ல முடில. இன்னா பண்றது? கையப் புடிச்சிக் குடுத்துட்டேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கடைசிக் குழந்தை. வலது முழங்கையில் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. 'எங்கேயோ இடிச்சிக்கிட்டிருக்கு, அந்தக் கையைக் கொடுங்க' என்று சொல்லி இடது கையில் எடுத்தேன். இரண்டு நாள் முன்பு நானே குத்தின இடம்தான் அது. இரண்டு நாளில் அதே பிள்ளை மறுபடி என் மடிக்கு வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

"ஆதிகேசவன், ஒரே குழந்தை, ஒரே வாரம். ஒண்ணு நாலு, ஒண்ணு இருபத்திரண்டு. இது எப்படி?" டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வேறு மாதிரி சொல்லிற்று. "லேப்ல ஏதோ குழப்பம் பண்ணிட்டாங்க போல சார்."

"இருக்கும். காலைப் பார்த்தாலே தெரியுது, நாலுதான் சரி. அறுபத்தொன்றை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தவுடுக்கு ஊசியை எடுத்தார். குழந்தை ஒரு சத்தம் கூடப் போடவில்லை. பழகிவிட்டதோ என்னவோ.

அவருக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஆறு குப்பிகளின் ரிசல்ட்டை வரிசையாகப் பார்த்தேன். நாலு குப்பிகள் பத்துக்கு மேல். இரண்டு பத்துக்குக் கீழே, ஒன்று நாலு, ஒன்று ஆறு. அந்த நாலு என்ற நம்பர் தவுடுவின் ரத்தம். வேறு குழந்தையின் லேபிளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் ஆறு என்ற நம்பர் யாருடையது? மீதி ஐந்து குழந்தைகளில் ஒன்றுக்கு ஊசி கட்டாயம் வேண்டும். அது எது என்று யாருக்கும் தெரியாது. தவறான லேபிளோடு 'குறைவு' கார்டு போன இரண்டு குழந்தைகள் அன்றைக்கே வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு ஊசி போட விடக் கூடாதே. "மருந்து தீர்ந்துபோச்சு, அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று இன்னொரு பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மருந்து பெட்டியில் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் அந்த லேபுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். உங்கள் அஜாக்கிரதையால் எங்கள் ஆராய்ச்சிக்கு இழுக்கு என்ற தோரணையில் காரமான கடிதம். அங்கே குப்பிகளை வாங்கிக்கொள்கிற பெண் எனக்கு ஒவ்வொரு தடவையும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி என் பையில் வைத்துக்கொண்டேன். தபாலில் போடவில்லை. நாளைக்கு டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு தெருவில் பதினெட்டுக் குழந்தைகள். திரும்பி வந்து படுத்தேன். அடுத்த நாள் பள்ளிப்பட்டு. அடுத்த நாள் ஐஸ் கிடைக்காமல் நகரி வரை போய் அலைந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதினொரு நாள் போயிற்று. ரூமில் உட்கார்ந்தால் அந்த ஆறு என்ற நம்பர் கண் முன்னால் வரும். தூக்கம் அதைவிட முன்னால் வந்துவிடும். மனசாட்சி உறுத்துகிறவனுக்குத் தூக்கம் வராது என்கிறார்கள். எனக்கு நன்றாக வந்தது.

பன்னிரண்டாவது நாள் டாக்டர் மெட்ராஸிலிருந்து வந்தார். "லேபிலிருந்து பதில் வந்ததா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து அந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிறகு லேபிள் மிதந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அசதி சார்."

"அசதின்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா, ஆதிகேசவன்?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த அஞ்சு குழந்தைக்கும் மறுபடி எடுங்க. எதுக்குன்னு அவங்க அம்மாங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. லேப் தப்புன்னு சொல்லாதீங்க" என்றார்.

போனேன். ஒவ்வொரு வீட்டிலும் நின்று, தப்பு என்னுடையது, சீட்டு மாறிவிட்டது என்று சொன்னேன். ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள். அவள் மாமனார் வந்து திறந்து, "இன்னா சார், எங்க புள்ளைங்க ரத்தம் இன்னா கெணத்துத் தண்ணியா, சேந்திகினே இருக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் பிள்ளையை அவரே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொருத்தி ஒன்றும் பேசாமல் பிள்ளையின் கையை நீட்டிக் கொடுத்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு குழந்தைகள் ஆயிற்று.

ஐந்தாவது, ஐம்பத்தெட்டாம் நம்பர். கஜபதி, வயது இரண்டு. தகப்பன் துளசிங்கம், தாய் பத்மா. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தாயம்மாள் வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போய்கீறாங்க" என்றாள். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், ஒரு கை குறைந்ததே என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்தத் தடவை இரண்டு சுற்றுப் பிளாஸ்திரி ஒட்டி, குப்பியிலேயே நம்பரைக் கீறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போனேன்.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்து மூன்று. பதினெட்டு.

நாலும் நல்ல நம்பர். எல்லோருக்கும் சந்தோஷமான செய்தி. நான் மட்டும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு குப்பியில் ஒன்று தவுடுவுடையது, நாலு இந்த நாலு பேருடையது. மிச்சம் ஒரே குப்பி, ஒரே குழந்தை. ஆறு என்ற நம்பர் கஜபதியுடையது.

அவன் வீட்டுக்கு நான் என்ன கார்டு எழுதினேன் என்று நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். வீடு பூட்டியேதான் இருந்தது. பூட்டு மேல் தூசி. தாயம்மாள் என்னைப் பார்த்ததும் முறுக்கிக்கொண்டாள். ரத்தம் எடுக்க வரவில்லை, ஊசி போட வேண்டும், இப்போதே அந்தப் பிள்ளை வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எழுந்து வந்தாள்.

"அவங்க எங்க திரும்பி வர்றது? தறியே வித்துட்டாங்க. ஆந்திராப் பக்கம் பவர்லூம் ஷெட்டுல ரெண்டு பேருக்கும் வேல கெடச்சுதுன்னு போயிட்டாங்க."

"எந்த ஊர்?"

"மொதல்ல நகரின்னாங்க. அங்க எடம் இல்லன்னு புத்தூர் போய்ட்டாங்கன்னு ஒர்த்தன் வந்து சொன்னான். அங்கயும் நிக்கலயாம். இப்போ எங்க கீறாங்களோ."

"போகும்போது பையன் எப்படி இருந்தான்?"

"நிக்க வெச்சா காலு நடுங்கும். அவன் ஆத்தா அதுக்குத்தான் அழுதுகினே இருந்தா. புள்ளைக்கு ரத்தம் எடுத்துகீறாங்க, அது இன்னான்னு தெரியாம ஊர வுட்டு வர மாட்டேன்னு ஒரே புடியா நின்னா. ஷெட்டு மேஸ்திரி ரெண்டு தடவ ஆளு அனுப்பியும் போகல. துளசிங்கம் அவள அடிக்கக் கூடப் போனான். அப்புறம் உங்க கார்டு வந்துச்சு."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"கார்டு வந்தும் அவளுக்கு மனசு ஒப்பல. காலு இப்டி கீதே, எப்டி நல்லாகீதுன்னு எய்தியிருப்பாங்க, அந்த ரத்தம் எடுக்கற சார் வருவாரு, வாயால ஒரு வார்த்த கேட்டுக்கறேன்னு பத்து நாளு வாசல்லயே உக்காந்துகினு இருந்தா. நீங்க பஸ்ஸுல இந்தப் பக்கமாப் போறத நாங்க பாத்தோம். எறங்கல."

"எப்போ போனாங்க?"

தாயம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணினாள். நானும் மனசுக்குள் எண்ணினேன். அவர்கள் போனது பதினோராவது நாள். நான் டாக்டரிடம் சொன்னது பன்னிரண்டாவது நாள்.

"போற அன்னிக்கு அவ புருஷன் அந்தக் கார்டத்தான் அவ கையில குடுத்தான். படிச்சவங்க எய்தினதுக்கு மேல உனுக்கு இன்னா தெரியும், நடன்னான். அவளும் அத மடிச்சி, பையன் அரணாக் கொடில முடிஞ்சிகினா." தாயம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன் சார், அந்தக் கார்டு எய்தினது யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.